கணிப்பொறி விளையாட்டும் தொடக்கப் பள்ளித் தமிழும்

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தலைப்பை நான் தொலைபேசியில் சொன்னபோது செயலாளர் அவர்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அம்மா, நம் வட்டத்தில் சங்க இலக்கியம் முதல் புதுக்கவிதை வரை எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம், விளையாட்டைப் பற்றி எவரும் பேசியதில்லையே" என்றார். "பெயர்தான் விளையாட்டு, நான் பேசப்போவது எழுத்தைப் பற்றி" என்று சொல்லி அவருடைய ஒப்புதலைப் பெற்றேன். அச்சொல்லைக் காப்பாற்ற முயல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பொறியியல் படித்த இளைஞர் அறுவர் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தனர். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தமிழ் படிக்கப் பழகுவதற்காகத் தொடுதிரைக் கணிப்பொறியில் ஒரு விளையாட்டை அமைத்து வருவதாகவும், அதிலுள்ள சொற்களில் பிழை இல்லையென்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டனர். ஒற்றுப்பிழை திருத்துவது தமிழாசிரியர்க்கென்றே விதிக்கப்பட்ட தொழில். ஓர் அரைநாள் வேலை என்றெண்ணி ஒப்புக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் அதிலேயே கழிந்தன.

அவர்கள் அமைத்திருந்த முதல் விளையாட்டு இது. திரையில் பலூன்கள் மேலே எழும்பும். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. ஒரு குரல் 'ம' என்று சொல்லும். குழந்தை மகரம் எழுதிய பலூனைத் தொட்டால் அது வெடிக்கும். ஒரு நட்சத்திரம் கிடைக்கும். வேறொன்றைத் தொட்டால் மரக்கிளையில் இருக்கும் குரங்கு வழுக்கிக் குளத்தில் தொப்பென்று விழும். பார்க்க அழகாகவே இருந்தது. ஓர் அரசு தொடக்கப் பள்ளிக்கு எடுத்துச் சென்றோம். ஒரு சிறுமி தொட்டதெல்லாம் தவறு. எழுத்தே அறியாத குழந்தை என்று இளைஞர் குறித்துக்கொண்டனர். நானும் அவ்வாறே எண்ணினேன். பக்கத்தில் நின்ற வகுப்பாசிரியை சிரித்துவிட்டார். "அவளுக்கு எல்லா எழுத்தும் தெரியும் மேடம். குரங்கு விழணும்னே தப்பாத் தொடறா" என்றார். பொறியாளர் அறுவரும் முனைவர் பட்டம் பெற்ற ஒருத்தியும் காணாததை அவர் ஒரு நொடியில் கண்டார். அக்குழந்தை விளையாட்டைச் சரியாகவே விளையாடியிருக்கிறாள். பிழை விளையாட்டில் இருந்தது.

அடுத்த பிழைகள் என்னுடையவை. சொற்களை நானே சொல்லிப் பதிவு செய்திருந்தேன். வகுப்பறையில் பின்வரிசை வரை கேட்கப் பேசிப் பழகிய குரல். ஒரு சிறுவன் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி, "டீச்சர், இந்த அம்மா ஏன் திட்டறாங்க?" என்று கேட்டான். சொற்பட்டியலும் நான் தந்ததே. நான் படித்த அரிச்சுவடியின் நினைவில் ஏர், ஈட்டி, ஓடம், ஔவை என்று அடுக்கியிருந்தேன். ஓடத்தின் படத்தைக் கண்ட குழந்தைகள் 'போட்டு' என்றனர். அதற்குரிய 'போ' என்னும் எழுத்தைத் திரையில் தேடினர். இல்லை. ஒரு குழந்தை கைபோன போக்கில் ஏதோ ஒன்றைத் தொட, விளையாட்டு தவறென்றது. உண்மையில் அக்குழந்தை செய்ய வேண்டியதைத்தான் செய்தது. தான் அறிந்த சொல்லை ஒலித்து, அதன் முதலெழுத்தைத் தேடியது. தவறு என் ஓடத்தில்.

இதன்பின் இத்துறையில் பிறர் செய்தவற்றைப் படிக்கலானேன். தமிழ் ஆய்வேடுகளுக்கு அப்பால் நான் அதிகம் சென்றதில்லை. ஆகவே புதிய ஊருக்குள் வந்தவள் போலப் படித்தேன்.

அமெரிக்க நாட்டில் தாமஸ் மலோன் என்னும் ஆய்வாளர் 1980-ஆம் ஆண்டிலேயே, கணிப்பொறி விளையாட்டில் குழந்தைகளை ஈர்ப்பது எது என்று ஆராய்ந்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று பின்னங்களைப் பழக்கும் அம்பு விளையாட்டு. திரையில் ஓர் எண்கோடு. அதன் மேல் ஆங்காங்கே பலூன்கள். ஒரு பலூன் எந்த இடத்தில் இருக்கிறது என்று குழந்தை ஒரு பின்னத்தால் சொல்ல வேண்டும். சொன்ன இடத்துக்கு அம்பு பாயும். சரியென்றால் பலூன் வெடிக்கும். இல்லையென்றால் அம்பு அங்கேயே குத்திட்டு நிற்கும். எத்தனை தூரம் தவறினோம், மேலேயா கீழேயா என்பதைக் குழந்தை கண்ணாலேயே காணும். எங்கள் குரங்குக்கும் இந்த அம்புக்கும் உள்ள வேற்றுமையை நோக்குங்கள். குரங்கு, 'தவறு' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அம்பு, என்ன தவறு என்பதைக் காட்டுகிறது. (அம்பும் பலூனும் சிறுவர்களை ஈர்த்த அளவு சிறுமிகளை ஈர்க்கவில்லை என்பதையும் மலோன் கண்டிருக்கிறார். விளையாட்டுகளை அமைப்போர் பெரும்பாலும் ஆடவராக இருக்கும் இக்காலத்திலும் இது நினைவிற்கொள்ளத் தக்கது.)

இங்கிலாந்தில் ஜேக்கப் ஹப்குட், ஷாரன் எயின்ஸ்வர்த் என்னும் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மேலும் தெளிவாக்கியது. வகுத்தல் கணக்கைப் பழக்க அவர்கள் ஒரு சண்டை விளையாட்டை எடுத்துக்கொண்டனர். எலும்புக்கூடுகள் எதிர்த்து வரும். ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். அவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குரிய ஆயுதத்தால் தாக்கினாலே அது வீழும். இதையே இன்னொரு வகையாகவும் செய்தனர். சண்டை தனியாக நடக்கும். ஒரு கட்டம் முடிந்து மறு கட்டம் தொடங்கும் முன் வகுத்தல் கணக்கு தனியாக வரும். 7 வயது முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்ததில், கணக்கே சண்டையாக அமைந்த வகையில் ஆடியவர்கள் மிகுதியாகக் கற்றனர். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, அவ்வகையில் மற்றதைவிட 7 மடங்கு நேரம் செலவிட்டனர்.

நம் பாட்டிமார் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்துவிட்டு வாயில் வெல்லம் வைப்பார்கள். கல்வி விளையாட்டு என்ற பெயரில் கடைக்கு வருபவற்றுள் பல இந்த வகைதான். பத்துக் கேள்வி, பின்பு ஒரு வெல்லக்கட்டி. குழந்தைகள் வெல்லத்தை மட்டும் தின்னும் வழியை விரைவிலேயே கண்டுகொள்கின்றனர். குளத்தில் குரங்கை விழச் செய்த சிறுமி கண்ட வழியும் அதுவே.

இனித் தமிழுக்கு வருகிறேன். அதற்குப் பின்லாந்து வழியாக வர வேண்டியிருக்கிறது; பொறுத்தருள்க.

பின்லாந்தில் யூவாஸ்கூலா என்னும் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லியூட்டினன் என்னும் உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் 1993 முதல் ஏறத்தாழ 200 குழந்தைகளைப் பிறந்த நாள் தொட்டுத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவருள் ஏறத்தாழப் பாதிப் பேர், படிப்பதில் இடர்ப்பாடு உள்ள குடும்பங்களிற் பிறந்தவர்கள். அவ்வாய்வின் பயனாக எழுந்ததே 'ஏக்கபெலி' என்னும் படிப்பு விளையாட்டு. பிற நாடுகளில் 'கிராஃபோகேம்' என்று வழங்குவது. குழந்தை ஓர் ஒலியைக் கேட்கும். திரையின் மேலிருந்து எழுத்துகள் இறங்கி வரும். உரிய எழுத்தை அது தரை தொடுமுன் பிடிக்க வேண்டும். எந்த எழுத்தை எதனோடு மயங்குகிறது என்று கணிப்பொறி குறித்துக்கொண்டு அதற்கேற்ப அடுத்ததைத் தரும்.

இதில் என்னை நிறுத்தி வைத்தது விளையாட்டன்று. அதற்கு அடிப்படையான மொழிநூற் செய்தி. பின்னிய மொழியில் 'துலி' என்றால் நெருப்பு, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். குறில், நெடில், ஒற்று இரட்டித்தல் என்னும் அளவு வேறுபாட்டாலேயே பொருள் மாறுகிறது. படிப்பில் இடர்ப்படும் குடும்பங்களிற் பிறந்த குழந்தைகள் ஆறு மாதப் பருவத்திலேயே 'அத', 'அத்த' என்னும் இரண்டையும் பிற குழந்தைகளைப் போலப் பிரித்துணரவில்லை என்பது அவர்களுடைய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. படு, பாடு, பட்டு, பாட்டு என்று நாம் சொல்லும்போது நிகழ்வதும் இதுவேயன்றோ? யாப்பில் ஆய்வு செய்து பட்டம் பெற்ற நான், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஆண்டுதோறும் தேர்வுத்தாளில் கேள்வி கேட்டு வருகிறேன். அந்த அரை மாத்திரையில் ஓர் ஆறு வயதுக் குழந்தையின் படிப்பு தடுக்கி நிற்கக்கூடும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மாத்திரைக்குத் தொல்காப்பியர் கூறும் அளவு கண்ணிமையும் கைந்நொடியும். அளவுகோல் உடம்பிலேயே இருக்கிறது. தொடுதிரையில் விரல் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்தால் என்ன என்று இளைஞர்களிடம் கேட்டேன். அவ்வாறு பிறந்ததே எங்கள் இரண்டாம் விளையாட்டு. திரையில் ஒரு காற்றாடி. குழந்தை 'கல்' என்று கேட்டால் விரலை வைத்தெடுக்க வேண்டும். 'கால்' என்று கேட்டால் வைத்து, நிறுத்தி, எடுக்க வேண்டும். விரல் நிற்கும் அளவுக்குக் காற்றாடி ஏறும். ஒவ்வோர் உயரத்திலும் ஒரு கிளை. குறிற்கிளையில் கல்லும் நெடிற்கிளையில் காலும் படமாக இருக்கும். மலை, மாலை, எடு, ஏடு, கொடு, கோடு என்று இணை இணையாக வரும். நட்சத்திரம் இல்லை, பரிசு இல்லை, கேள்வியும் இல்லை. நீட்டலும் குறுக்கலுமே ஆட்டம்.

குழந்தைகள் உடனே ஒரு சிக்கலை உண்டாக்கினர். 'கா' என்று விரலை வைத்தவர்கள் எடுக்கவே இல்லை. காற்றாடி திரையைத் தாண்டிப் போயிற்று. வாயாலும் உடன் நீட்டினர். வகுப்பு முழுவதும் 'காஅஅஅ' என்று முழங்கிற்று. இளைஞர், "மூன்று மாத்திரைக்கு மேல் போனால் தவறு என்று வைத்துவிடலாம் மேடம்" என்றனர். எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. இசையிலும் விளியிலும் பண்டமாற்றிலும் ஒலி தன் அளவிறந்து நீளலாம் என்று பவணந்தியார் இடம் கொடுத்திருக்கிறார். கீரை விற்பவர் தெருவில் கூவுவதும், மாடியிலிருந்து தாய் மகனை அழைப்பதும் அதுதான். ஆகவே அதைத் தவறாக்கவில்லை. காற்றாடி மேகத்துக்கு மேல் போனால் அங்கே ஒரு காய்காரர் தள்ளுவண்டியோடு நின்று அதே சொல்லைக் கூவுவார். அளபெடையை ஒன்றாம் வகுப்பில் நடத்திய பெருமை எங்களைச் சாரும்.

அவ்வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வகுப்பில் வாய் திறப்பதில்லை. எழுத்துக்கூட்டச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். காற்றாடியில் மட்டும் அவன் விரல் தவறவில்லை. காதால் பிரித்துணர்கிறான், கண்ணில்தான் தடை என்பது அதனால் ஆசிரியைக்குத் தெரிந்தது. துணைக்காலை மணலில் பெரிதாக எழுதச் செய்து அவர் அவனைப் பழக்கினார். படிக்க வைத்தது விளையாட்டன்று, ஆசிரியைதான். எங்கே தொடங்குவது என்பதை விளையாட்டு அவருக்குக் காட்டிற்று.

பின்லாந்து முறையை அப்படியே தமிழுக்கு எடுக்க இயலாது என்பதும் விரைவில் விளங்கிற்று. பின்னிய மொழியில் ஏறத்தாழ ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. நம் வல்லினத்தின் இயல்பு வேறு. கல், பக்கம், தங்கம், மகன் என்று சொல்லிப் பாருங்கள்; ககரம் ஒன்றே, ஒலி இடந்தோறும் வேறு. இளைஞர்கள் செலவைக் குறைக்க எண்ணி ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை பதிவு செய்து, அவற்றை ஒட்டிச் சொற்களை ஆக்கியிருந்தனர். 'தங்கம்' என்பது அயல்நாட்டார் ஒருவர் முதல் நாள் தமிழ் பேசியதுபோல் ஒலித்தது. அவர்கள் கையிலிருந்த ஆங்கில நூல்கள் இதனை ஒழுங்கின்மை என்று கொள்ளும் வகையில் இருந்தன. ஒழுங்கின்மை இல்லை. மொழிமுதலிலும் இரட்டிக்கும்போதும் ஒன்று, மெல்லினத்தின் பின் ஒன்று, உயிர்களுக்கு நடுவில் ஒன்று என இடம்நோக்கி அமைவது. தமிழ் பேசும் குழந்தை இதை அறிந்தே பள்ளிக்கு வருகிறது. எனவே தனி எழுத்தின் ஒலியைக் கேட்டுப் பிடிக்கும் ஆட்டத்தை வல்லினத்துக்கு விட்டுவிட்டோம். ஒவ்வொரு சொல்லையும் முழுதாகப் பதிவு செய்தோம். இம்முறை என் குரல் இல்லை. வகுப்பாசிரியையும், சத்துணவு சமைக்கும் அம்மையார் ஒருவரும், நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியும் சொன்னார்கள்.

கொம்பைப் பற்றியும் ஒரு சொல். 'கெ' என்பதில் காதுக்கு மெய் முன், உயிர் பின். கண்ணுக்கோ கொம்பு முன். குழந்தை கேட்டபடியே ககரத்துக்கு வலப்புறம் கொம்பை வைக்கிறது. அதைத் தவறென்று சொல்லாமல், அடுத்த எழுத்தோடு சேர்த்து எப்படி ஒலிக்குமோ அப்படியே வாசித்துக் காட்டும்படி செய்தோம். தான் எழுதியதைத் தானே கேட்டதும் பெரும்பாலான குழந்தைகள் கொம்பை இடம் மாற்றின.

இதே முறையை லகர ளகரத்துக்கும் கைக்கொண்டோம். திரையில் ஒரு சிறுமி புத்தகப் பையோடு புறப்படுகிறாள். அவள் போக வேண்டிய இடத்துக்கு வழிகாட்டும் பலகையைக் குழந்தை நட வேண்டும். பலகைகள் இரண்டு: ஒன்றில் 'பள்ளி', மற்றதில் 'பல்லி'. பள்ளிப் பலகையை நட்டால் பள்ளிக்கூடம். பல்லிப் பலகையை நட்டால் சிறுமி போய் நிற்கும் இடத்தில் வீட்டளவு பெரிய பல்லி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்! குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். எங்கள் பழைய குரங்கு வேடம் மாறி வந்துவிட்டதோ என்று அஞ்சினேன். அஞ்சியபடியே பலர் வேண்டுமென்றே பல்லிக்குப் போயினர். குரங்கு விழுந்ததற்கும் பல்லி வந்ததற்கும் என்ன வேற்றுமை என்று யோசித்தபோது ஆசிரியைதான் சொன்னார்: "பல்லி வேணும்னா அந்தப் பலகையைப் படிச்சாகணுமே மேடம்." குரங்கை விழச் செய்ய எழுத்தறிவு வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் விழும். பல்லியைத் தவறாமல் வரவழைக்க இரண்டு சொற்களையும் படித்து வேறுபாடு அறிந்திருக்க வேண்டும். குறும்புக்கும் படிப்பே வழியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்.

ழகரத்தை மட்டும் ஒன்றாம் வகுப்பில் இவ்வாறு சோதிக்கவில்லை. வீட்டில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் குழந்தையை, கேட்டிராத ஒலிக்காகத் தவறென்று சொல்லுதல் அறமன்று என்பது என் கருத்து. இதில் என்னோடு மாறுபடுவோர் இவ்வவையிலேயே இருப்பர் என்பதை அறிவேன்.

இவ்வளவும் கேட்டபின், 'அப்படியானால் பள்ளிதோறும் கணிப்பொறி கொடுத்துவிட்டால் போதுமே' என்று தோன்றலாம். குசராத்து மாநிலத்து வடோதரா நகரில் நடந்ததைக் கூறுகிறேன். அங்கு நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு நான்கு நான்கு கணிப்பொறிகளைக் கொடுத்திருந்தது. பெரும்பாலானவை பயன்படாமல் கிடந்தன. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு, கணிப்பொறிக்கு இருவராக, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளைக் கொடுத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் துஃப்லோ முதலிய பொருளியலறிஞர் அதை அளந்து 2007-இல் வெளியிட்டனர். இரண்டாம் ஆண்டு முடிவில் கணக்குத் தேர்ச்சி 0.47 திட்டவிலக்க அளவு உயர்ந்திருந்தது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய உயர்வு. ஆனால் திட்டம் நின்று ஓராண்டு சென்றபின் அவ்வுயர்வில் ஏறத்தாழ 0.1 அளவே எஞ்சியது.

அதே மாநிலத்தில் லீ லிண்டன் என்பார் செய்து 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் எச்சரிக்கையானது. பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆசிரியர் நடத்தியதற்குத் துணையாகக் கணிப்பொறி வந்தபோது குழந்தைகள் பயன்பெற்றனர். ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு அது வந்தபோது, முன்பு கற்ற அளவுகூடக் கற்கவில்லை. பின்லாந்து விளையாட்டையும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நார்வே நாட்டு அறிஞர்கள் 2020-இல் மதிப்பிட்டனர். சொற்களைப் படிக்கும் திறனில் சராசரிப் பயன் ஏறத்தாழச் சுழி; பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து ஈடுபட்ட இடங்களில் மட்டும் குறிப்பிடத்தக்க பயன். ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டிலும், குழந்தையோடு ஆசிரியரும் அவ்விளையாட்டை ஆடிப் பழகிய வகுப்புகளே சிறந்தன.

இவற்றைப் படித்தபின் எங்கள் விளையாட்டில் சிலவற்றை மாற்றினோம். ஒரு கருவிக்கு இரு குழந்தைகள். ஒருவர் தொட, மற்றவர் படித்துச் சொல்ல. பத்து நிமிடத்தில் திரை தானாக இருளும். அன்று எந்தக் குழந்தை எந்த இணையில் தயங்கியது என்று ஆசிரியர்க்கு ஒரு பக்கக் குறிப்பு வரும்.

பின்பு ஓர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டோம். எந்த அலுவலகம் என்று சொல்வதிற் பயனில்லை. மேசைக்கு அப்பால் இருந்தவர் காற்றாடியை ஆடிப் பார்த்து மகிழ்ந்தார். பின்பு, "ஆசிரியர் குறைவாக உள்ள பள்ளிகளில் இதைக் கொண்டு சமாளிக்கலாம் அல்லவா?" என்று கேட்டார். இளைஞர்கள் என் முகத்தைப் பார்த்தனர். 'ஆம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்களுடைய இரண்டாண்டு உழைப்புக்கு ஊதியம் கிடைத்திருக்கும். அறுவரில் இருவர் அதற்காக வேலையை விட்டு வந்தவர்கள். "முடியாது, ஆசிரியர் இருக்கும் பள்ளிகளுக்காகவே இதைச் செய்தோம்" என்று நான் சொன்னேன். ஆணை வரவில்லை. அவ்விருவரும் இப்போது வேறு ஊர்களில் வேறு வேலையில் இருக்கின்றனர். அவர்களுக்கு நான் நியாயம் செய்தேனா என்ற கேள்வி என்னிடம் இன்னும் இருக்கிறது. விளையாட்டு அந்தப் பள்ளியிலும் அதன் அருகிலுள்ள சில பள்ளிகளிலும் நடந்து வருகிறது. மற்ற நால்வரும் விடுமுறை நாட்களில் வந்து அதைப் பழுது பார்க்கின்றனர்.

கவிஞர்களாகிய உங்கள்முன் இதைச் சொல்ல வந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. எங்களுக்குக் குறையாக இருப்பது கருவியோ பொறியாளரோ அல்லர், சொற்கள். அகர வரிசையில் தொடங்காமல், வடிவம் எளிய ப, ட, ம என்னும் மூன்றையும் புள்ளியையும் துணைக்காலையும் முதற்படியாகக் கொண்டிருக்கிறோம். இவற்றை மட்டும் கொண்டு குழந்தை வாயில் வழங்கும் சொற்கள் வேண்டும். படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், பாட்டம், மாமா, பாப்பா என்று ஒன்பதை நான் எழுதினேன். பாட்டம் என்பது மழைக்கு வருவது. அதற்குப் படம் வரைய ஓவியர் பட்ட பாடு தனிக்கதை. வகுப்பில் எழுதிக் காட்டியபோது ஒரு குழந்தை "டப்பா" என்றது. இன்னொன்று "டாட்டா" என்று கையசைத்தது. டகரம் மொழிக்கு முதலாகாது என்னும் விதியை நான் மறக்கவில்லை. ஆயினும் அக்குழந்தைகளிடம் எப்படி மறுப்பது? இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். தென்கோடியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் 'பப்படம்' என்றார். ஆகப் பன்னிரண்டு.

சொற்கள் தனியே நின்றால் குழந்தை அவற்றை நினைவில் வைத்துவிடுகிறது, படிப்பதில்லை. அவை வரியாக வேண்டும். வரி துள்ள வேண்டும். துள்ளலில் வரும் சொல் எதிர்பாராததாகவும் இருக்க வேண்டும். இது என்னால் இயலவில்லை. நான் எழுதியவை பாடநூல் போலவே இருந்தன. தகர வருக்கத்தை மட்டுமே கொண்டு காளமேகப் புலவர் வெண்பா பாடியிருப்பதைத் தனிப்பாடல் திரட்டு காட்டுகிறது. இதழ் ஒட்டாத எழுத்துகளால் நிரோட்டகம் பாடியோர் நம் மரபில் பலர். அவற்றை வெறுஞ்சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவைத்தோம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன். குறைந்த எழுத்துகளுக்குள் நின்று இனிக்கச் சொல்லும் அத்திறமையின் தேவையை அந்த ஒன்றாம் வகுப்பில் கண்டேன்.

உங்கள் கைக்கு இப்போது ஒரு தாள் வரும். முதற்பக்கத்தில் அந்த மூன்று எழுத்துகளும் பன்னிரண்டு சொற்களும் உள்ளன. அடுத்த பக்கங்களில் படிக்கு இரண்டு எழுத்துகளாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். எந்தப் படியையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி வரை வந்த எழுத்துகளுக்கு வெளியே மட்டும் போகக்கூடாது. ஆறு வயதுக் குழந்தை சொல்லாத சொல் வேண்டாம். இரண்டு வரி போதும். அடுத்த திங்கள் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்தால், வகுப்பாசிரியையையும் அழைத்து வருகிறேன். எது செல்லும் எது செல்லாது என்று அவர் சொல்வார். அவர் கண்டிப்பானவர் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைசி வரிசை வரை தாள் வந்துவிட்டதா?